துண்டுக்குள்ளே ஒரு விலை

குதிரை ஏலத்தில் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் குதிரைதான். ஆனால் அதன் வாயைப் பல் பார்ப்பதற்கு மட்டும்தான் திறக்கிறார்கள்.

நான் ஏலம் கூவுகிறவன். பெயர் பெனடிக்ட். ராயபுரம் கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் காதர் பாய் என்பவருக்கு ஒரு லாயம் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்த பிறகு, அங்கே குதிரைகளை ஏலம் விடுவோம். ரேஸில் ஓடி ஓய்ந்தது, கல்யாண ஊர்வலத்தில் நடந்து பழகியது, பீச்சில் பிள்ளைகளைச் சுமந்து அலுத்தது என்று எல்லாம் வரும். ஏலத்துக்கு முன்னால் ஒவ்வொரு சொந்தக்காரரும் என்னிடம் ரகசியமாக ஒரு விலை சொல்லி வைப்பார். அதற்குப் பெயர் உள்விலை. கேட்கிறவர்கள் அதற்குக் கீழேயே நின்றுவிட்டால் குதிரை விற்காது. நான் "குதிரை வீட்டுக்குப் போகுது" என்று கூவிவிட்டு அடுத்ததைக் கவனிக்க வேண்டியதுதான்.

அந்த உள்விலையை வாயால் சொல்லக் கூடாது. இரண்டு பேர் கையையும் மூடி ஒரு துண்டைப் போட்டுக்கொள்வோம். அதற்குள் சொந்தக்காரர் விரலை நீட்டுவார். நான் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். ஒரு விரல் என்றால் பத்தாயிரம். ஏலத்துக்கு முன்னும் அதை வெளியே விடக் கூடாது, பின்னும் விடக் கூடாது. மாமியார் சொன்னது மருமகளுக்கும், மருமகள் சொன்னது மாமியாருக்கும் தெரியாமல் ஒரே கூரைக்குக் கீழே காலம் தள்ளுகிறவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி. நான் பட்டதை உங்களிடம் சொன்னால் உங்களுக்குத்தான் புரியும்.

காசிமேட்டு வேகம்

இதற்கு முன் நான் காசிமேட்டில் மீன் ஏலம் கூவிக்கொண்டிருந்தேன். அங்கே நிதானம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வெயில் ஏற ஏற வஞ்சிரத்தின் கண் மங்கும், கண் மங்கினால் விலை படுத்துவிடும். மூச்சு விடுவதற்குள் ஒரு கூடையை முடித்துவிட்டு அடுத்த கூடைக்குத் தாவ வேண்டும். அந்தத் தொண்டையோடுதான் காதர் பாய் லாயத்துக்கு முதல் நாள் வந்து நின்றேன்.

ஒரு மினி லாரி உள்ளே நுழைந்தது. பின்பக்கம் ஒரு பழுப்புக் குதிரையின் தலை தெரிந்தது. எனக்கு அது போதும். ஆரம்பித்துவிட்டேன். டிரைவர் வண்டியை ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவதற்குள் மூன்று பேர் விலை கேட்டு, ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் எல்லாம் முடிந்துவிட்டது. சொந்தக்காரர் முன் சீட்டிலிருந்து இறங்கி வந்து, துண்டை எங்கே போடுவது என்று என்னைக் கேட்டார். விற்றாயிற்று என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. வாங்கினவர் விடமாட்டேன் என்கிறார், விற்றவர் விற்கவே இல்லை என்கிறார். காதர் பாய் நடுவில் புகுந்து இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, ஏலத்தை முதலிலிருந்து விடச் சொன்னார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு அவர் சொன்னது இது:

"பெனடிக்ட், இது ஐஸ் வெக்கிற சரக்கு இல்லப்பா. மெதுவா கூவு, நாறிப் போவாது."

ஹார்பரில் போன விரல்

தேவராஜ் அண்ணன் வியாசர்பாடிக்காரர். ஹார்பரில் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டுகிறார். ரோசி என்று ஒரு வெள்ளைக் குதிரை வைத்திருக்கிறார். முகூர்த்த நாட்களில் அதன் மேல் மாப்பிள்ளையை ஏற்றி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவரே நடப்பார். பாண்டு வாத்தியத்துக்கும் பட்டாசுக்கும் மிரளாத குதிரை. மாப்பிள்ளைகள்தான் மிரளுவார்கள். இவர்கள் இருக்கிற ஹவுசிங் போர்டு வீடுகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். இவர்களுக்குக் கிடைத்திருப்பது வேறொரு பிளாக்கில் அஞ்சாவது மாடி. குதிரையை லிப்டில் ஏற்ற முடியாது. விற்றே ஆக வேண்டும் என்று அவர் மனைவி கலா அக்கா கறாராகச் சொல்லிவிட்டார். இவரும் ரோசியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

துண்டுக்குள் கையை விட்டார். நான் தடவினேன். நாலு விரல். சரி என்று தலையாட்டினேன். ஏலம் போனது, நாற்பதாயிரத்தில் ஒருவர் கேட்டார், அதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை. நான் மூன்று தரம் சொல்லி முடித்தேன். தேவராஜ் அண்ணன் கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அஞ்சு கொடுத்தேன், நாலுக்கு எப்படி முடிக்கலாம் என்று சண்டைக்கு வந்தார். இல்லை, நாலுதான் என்றேன். அவர் வலது கையை என் மூக்குக்கு நேரே விரித்துக் காட்டினார். மோதிர விரல் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. விஞ்சில் சிக்கிப் போய் வருஷக்கணக்காகிவிட்டதாம். எனக்கு எப்படித் தெரியும்? இருட்டில் தடவுகிறவனுக்கு இருப்பதுதானே தெரியும். காதர் பாய் அந்த ஏலத்தைச் செல்லாது என்று அறிவித்தார். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் தேவராஜ் அண்ணன் கயிற்றை விடாமல் கேட்டார்:

"அந்த வெரலு ஹார்பர்ல போச்சு நைனா. அதுக்கோசரம் கணக்குலருந்தும் போயிடுமா?"

ஆமென்

சின்னப்பன் ஊர்வல காண்டிராக்ட் எடுப்பவர். குதிரை, சாரட்டு, வண்ண விளக்கு எல்லாம் சப்ளை செய்வார். அவர் ஒரு குதிரையைக் கேட்கிறார் என்று தெரிந்தாலே மற்றவர்கள் விலையை ஏற்றிவிடுவார்கள். அதனால் எனக்கும் அவருக்கும் ஒரு ஏற்பாடு. அவர் வாய் திறக்க மாட்டார். வலது கையால் உடம்பில் எங்கே தொட்டாலும் ஒரு படி ஏற்றிக் கேட்கிறார் என்று அர்த்தம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏலம் இழுத்துக்கொண்டே போய் உச்சி வேளையாகிவிட்டது. சின்னப்பன் கேட்ட விலைதான் கடைசியாக நிற்கிறது. மற்றவர்கள் ஓய்ந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து மாதா கோயிலில் மத்தியான மணி அடித்தது. சின்னப்பன் பக்தியுள்ளவர். நெற்றியைத் தொட்டார், நெஞ்சைத் தொட்டார், இந்தத் தோள், அந்தத் தோள். நான் நாலு படி ஏற்றிவிட்டேன். நானும் அதே கோயில்காரன்தான். ஆனால் ஏலத்தில் நிற்கும்போது அடுத்தவர் கை எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் எனக்குப் பூசை. கூட்டம் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, யாரடா அது நாலு தடவை கேட்டவன் என்று. எதிராளியே இல்லாமல் ஒரு மனுஷன் தன்னோடு தானே போட்டி போட்டுக்கொண்டிருந்தார்.

விஷயம் புரிந்ததும் சின்னப்பன் ஏற்பாட்டையும் மறந்து வாய் திறந்தார். குதிரைக்காரரோ ஏறின விலை ஏறினதுதான் என்கிறார். கடைசியில் நாலு படியும் இறங்கி வந்து பழைய விலைக்கே முடித்தோம். அன்றிலிருந்து சின்னப்பன் எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகத்தான் விலை கேட்கிறார். போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்:

"சிலுவ போட்டதுக்கு நாலு படி ஏத்தின, சரி. அப்பால ஆமென்னு சொன்னனே, அத்தோட முடிச்சிருக்கணுமா இல்லியா?"

கலா அக்காவின் விசாரணை

விரல் கலாட்டாவுக்கு அப்புறமும் தேவராஜ் அண்ணன் மாதாமாதம் ரோசியை ஓட்டிக்கொண்டு வந்தார். இப்போது துண்டுக்குள் இரண்டு கையும் வரும். நான் அந்தக் காலி இடத்தையும் ஒரு விரலாகச் சேர்த்துக்கொள்ளப் பழகிவிட்டேன். விஷயம் என்னவென்றால், கேட்கிறவர்கள் ஒரு விரல் ஏறினால் இவருடைய உள்விலை இரண்டு விரல் ஏறும். போன மாதம் எவ்வளவு வரை போனது என்று பார்த்து, இந்த மாதம் அதைத் தாண்டி வைப்பார். மனுஷனுக்கு விற்க மனசில்லை. மனைவியிடம் சொல்லவும் வாயில்லை. அதனால் துண்டுக்குள் என்னிடம் மட்டும் விரல் விரலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ரோசியும் ஏலத்துக்கு வருவது, சும்மா நிற்பது, வீட்டுக்குத் திரும்புவது என்று ஒரு வழக்கமே வைத்துக்கொண்டது.

ஒரு நாள் காலை கலா அக்கா ஷேர் ஆட்டோ பிடித்து என் வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் நின்றபடியே ஆரம்பித்தார். வீடு மாற்றக் கெடு நெருங்குகிறது, மூட்டை கட்டியாகிவிட்டது, குதிரையை மட்டும் எந்த மூட்டையில் கட்டுவது? உங்கள் புருஷன்தான் விலையை வானத்தில் வைக்கிறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் தப்பித்திருப்பேன். ஆனால் துண்டுக்குள் நடந்ததை வெளியே சொன்னால் அப்புறம் எவன் என்னிடம் விரலை நீட்டுவான்? நேரம் சரியில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று எதையோ உளறினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நிஜமாகவே எனக்கு ரோஷம் வந்தது, ஏனென்றால் அக்கா அடுத்துக் கேட்டது உள்ளேயிருந்த என் வீட்டுக்காரி காதிலும் விழுந்தது:

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு தம்பி. கோளாறு குதிரையாண்ட கீதா, கூவறவன்கிட்ட கீதா?"

சாம்பல் குதிரை

அத்திப்பட்டிலிருந்து ஒருவர் ஒரு குதிரை கொண்டு வந்தார். சாம்பல் நிறம், ஒரே சீராக, மூக்கு நுனியிலிருந்து வால் வரைக்கும். கூட்டம் மொய்த்தது. சினிமாவுக்குக் குதிரை கொடுக்கும் ஒருவர், இந்தக் கலரைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று உள்விலைக்கு மேலேயே கேட்டு வாங்கிக்கொண்டு போனார். எல்லாருக்கும் சந்தோஷம். எனக்குக் கமிஷன்.

மறுநாளே அவர் லாயத்துக்குத் திரும்பி வந்தார், பின்னால் ஒரு வெள்ளைக் குதிரை. என்னவென்றால், வீட்டுக்குப் போனதும் ஆசையாகக் குளிப்பாட்டியிருக்கிறார். முதல் வாளித் தண்ணீரிலேயே கழுத்து வெளுத்துவிட்டது. அத்திப்பட்டுப் பக்கம் துணி காயப் போட்டவர்களுக்கு இது புதிதில்லை. அந்தப் பக்கத்து அனல் மின் நிலையத்துச் சாம்பல் காற்றில் வந்து குதிரை மேலேயும்தானே படியும். விற்றவரைக் கூப்பிட்டு விசாரித்தோம். அவர் பதறவே இல்லை. நான் சாம்பல் என்று எப்போதாவது சொன்னேனா, அவராகத்தானே சொல்லிக்கொண்டார் என்றார். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். கலரைக் கூவினது நான். வெள்ளைக் குதிரைக்கு ஊர்வலத்தில் கிராக்கி அதிகம், நஷ்டமில்லை என்று காதர் பாய் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். வாங்கினவர் சமாதானமாகவில்லை. கிளம்பும்போது விற்றவர் அவர் தோளில் தட்டி ஆறுதலாகச் சொன்னார்:

"பேஜார் ஆவாத தோஸ்து. ஒரு வாரம் எங்கூட்டாண்ட கட்டு, பழைய கலர் தானா வந்துடும்."

இருமல்

இது சின்னக் கதை. தன் குதிரைக்குத் தானே விலை கேட்கக் கூடாது என்பது லாயத்துச் சட்டம். ஒருவர் சட்டத்தை மதித்து மச்சானைக் கேட்கச் சொன்னார். மச்சான் கூட்டத்தில் நின்று விலையை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். போதும் என்றால் இவர் இருமுவார், மச்சான் நிறுத்திக்கொள்ள வேண்டும். மச்சானும் ஏற்றினார். இவர் இருமினார். மச்சான் இன்னும் ஏற்றினார். இவர் கண்ணில் நீர் வர இருமினார். மூன்று தரம் சொல்லி முடித்துக் குதிரையை மச்சான் தலையில் கட்டினேன். சொந்தக் குதிரையை வாங்கினதற்கு எனக்குக் கமிஷனும் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் வெளியே போய்ச் சண்டை போட்டார்கள். மச்சான் சொன்ன நியாயத்தில் தப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை:

"நீ பீடி புடிக்க ஆரம்பிச்ச நாள்லருந்து இருமிகினுதான் கீற மாமு. எந்த இருமல் எனக்குன்னு நான் இன்னாத்தக் கண்டேன்?"

கலா அக்கா கையை நீட்டினார்

வீடு மாறுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. இந்தத் தடவையும் ரோசி விற்கவில்லை என்றால் அடுத்த வாரம் நடுத்தெருவில்தான் கட்ட வேண்டும். தேவராஜ் அண்ணன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே கலா அக்காவும் வந்தார். நேராகக் காதர் பாயிடம் போய், "இந்த தபா வெலைய நான்தான் வெப்பேன். ஊர்வலத்துல புடிச்சுகினு நடக்கறது ஒண்டிதான் அவுரு. தீனி வெக்கறது யாரு, சாணி அள்ளறது யாரு?" என்றார். காதர் பாய் தாடியைத் தடவிக்கொண்டு, தீனி வைக்கிற கைக்குத்தான் உரிமை என்று தீர்ப்புச் சொன்னார். தேவராஜ் அண்ணன் முகம் செத்துவிட்டது. ஆனாலும் கயிற்றை மட்டும் விடவில்லை.

சங்கடம் எனக்குத்தான். இத்தனை வருஷத்தில் துண்டுக்குள் ஒரு பெண்பிள்ளை கை வந்ததே கிடையாது. லாயமே வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்க்கிறது. நான் துண்டை இப்படி மடித்து அப்படி மடித்து நேரத்தைக் கடத்தினேன். கலா அக்காதான் அலுத்துப் போய், "இன்னா தம்பி, சீல வியாபாரமா பண்ற? போடு துண்ட" என்று கையை நீட்டினார். மூடினேன். ஒரு விரலோ இரண்டு விரலோ வரும், அதோடு இந்தத் தலைவலி தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். பத்து விரலும் வந்தது. தப்பாகத் தடவுகிறேனோ என்று அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் ரோசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். மறுபடியும் உள்ளே விட்டு, இன்னொரு பத்தை என் உள்ளங்கையில் அழுத்தினார். புருஷன் இதுவரை அதிகபட்சம் வைத்ததே இதில் பாதிதான். அந்த விலைக்கு ரோசியோடு சாரட்டும் பாண்டு செட்டும் சேர்த்து வாங்கலாம்.

ஏலம் ஆரம்பமானது. சின்னப்பன் அன்றைக்கு ரோசியை விடுவதில்லை என்ற முடிவோடு வந்திருந்தார். சத்தமாகக் கேட்டார், எதிரே கேட்டவர்களும் விடாமல் ஏற்ற, மேலே மேலே போனார். அஞ்சு விரலைத் தாண்டியதும் தேவராஜ் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். பத்து விரலையும் தாண்டியது. அவருடைய அந்த நாலு விரல் கை ரோசியின் பிடரியைத் தடவிக்கொண்டே இருந்தது. குதிரை போய்விட்டது என்றே அவர் முடிவு கட்டிவிட்டார். எனக்கும் கலா அக்காவுக்கும் மட்டும்தான் போகாது என்று தெரியும், என்னால் சொல்ல முடியாது. வாழ்க்கையில் அந்த மாதிரி எனக்கு வேர்த்ததில்லை. சின்னப்பன் பதிமூன்றில் நின்றார். ஒரு தரம் என்றேன். ரெண்டு தரம் என்றேன். பிறகு, "குதிரை வீட்டுக்குப் போகுது" என்று கூவினேன்.

அப்புறம் ஒவ்வொரு தலையாகக் கலா அக்கா பக்கம் திரும்பியது. நான் ஒன்றும் சொல்லாமலே, அக்காவுக்கும் ரோசியை விற்க மனசில்லை என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது. முதலில் சிரித்தவர் சின்னப்பன்தான். இந்த லாயத்தில் அவர் வாடகைக்கு எடுத்திருக்கும் குதிரை கட்டும் இடங்களில் ஒன்று காலியாக இருக்கிறதாம். அடுத்த வாரத்திலிருந்து ரோசியை அங்கே கட்டிக்கொள்ளட்டும், முகூர்த்த நாளில் தன் ஊர்வலத்துக்கு முதலில் வர வேண்டும், அவ்வளவுதான் என்றார். காதர் பாய் சரி என்று தலையாட்டிவிட்டு, போகிறபோக்கில் சாணி அள்ளுவது கலா அக்கா பொறுப்பு என்று மட்டும் சேர்த்துக்கொண்டார். தேவராஜ் அண்ணன் இது எதையும் காதில் வாங்கின மாதிரி தெரியவில்லை. மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தவர், "இன்னாமே வெல வெச்ச நீ?" என்று கேட்டார். கலா அக்கா அவர் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டார்:

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதாம், தம்பி வாயத் தொறக்காது. நட வூட்டுக்கு, காத்தாலயே கொள்ளு ஊற வெச்சுட்டுத்தான் வந்தேன்."

கூவிப் பிழைக்கிறவன் என்றுதான் ஊர் என்னைச் சொல்கிறது, ஆனால் என் வேலையில் பாதிக்கு மேல் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான், அந்தப் பாதிக்கு இதுவரை ஒருத்தரும் கமிஷன் கொடுத்ததில்லை.